காட்டுக்குள் ஒரு சாலை



இன்றைய உரையை ஒரு சிறு கணக்கோடு தொடங்குவோம். பேராக் மாநிலத்துக் கிரிக் நகரையும் கிளந்தான் மாநிலத்து ஜெலியையும் இணைக்கின்ற கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையை நம்மில் பலர் அறிவோம். 1970-ஆம் ஆண்டில் வேலை தொடங்கி, 1982-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட சாலை அது. நீளம் சுமார் 120 கிலோமீட்டர். சாலைக்கும் அதன் இரு ஓரங்களுக்குமாக 20 மீட்டர் அகலத்திற்குக் காட்டை வெட்டினார்கள் என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு காடு போயிருக்கும்? 240 ஹெக்டேர், ஏக்கர் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 600 ஏக்கர். ஒரு சிறிய தோட்டத்தின் அளவுதான். அந்தச் சாலைக்கு வடக்கே இருக்கும் ராயல் பெலூம் பூங்கா மட்டுமே 117,500 ஹெக்டேர். அவ்வளவு பெரிய வனத்தில் 240 ஹெக்டேர் போனால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கத் தோன்றும்.

கணக்கு சரிதான். ஆனால் காட்டை வெறும் பரப்பளவால் மட்டும் அளந்துவிட முடியாது. நம் தோட்டத்து லயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். லயத்திற்கு நடுவே இரவும் பகலும் லோரிகள் பறக்கும் பெரிய சாலை ஒன்று வந்துவிடுகிறது. ஒரு வீடுகூட இடிக்கப்படவில்லை. ஆனால் குழாயடி இந்தப் பக்கம். கோயிலும் பள்ளிக்கூடமும் அந்தப் பக்கம். அக்காள் வீடு இங்கே, தங்கை வீடு அங்கே. பிள்ளைகளைத் தனியே அனுப்பப் பயம். சில ஆண்டுகளில் அது ஒரே லயமாக இருக்குமா? இரண்டு லயங்களாகி விடும் அல்லவா? காட்டுக்குள் சாலை புகும்போதும் இதுவே நடக்கிறது. அறிவியலார் இதனைக் ‘காடு துண்டாதல்’ என்கிறார்கள். சாலை எப்படிக் காட்டைத் துண்டாக்குகிறது, அதனால் நமக்கு என்ன என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

அதற்குமுன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சாலையே கூடாது என்று நாம் சொல்லவில்லை. இந்த நாட்டின் முதல் இரயில் பாதை 1885-ஆம் ஆண்டு தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு வரை போடப்பட்டது. அதன் பின்னர் வந்த பாதைகளிலும் சாலைகளிலும் மண்வெட்டி பிடித்து, கல் உடைத்து, காய்ச்சலிலும் பாம்புக்கடியிலும் உயிர்விட்டவர்களில் நம் முன்னோர் ஏராளம். பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணை மருத்துவமனைக்குக் கொண்டுபோக சாலை வேண்டும். பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குப் போக சாலை வேண்டும். எந்த இடத்தில், எந்த முறையில், அதைத் தொடர்ந்து என்னென்ன வர விடுகிறோம் என்பதே கேள்வி.

முதலில், காட்டின் ஓரத்தைப் பார்ப்போம். அடர்ந்த காட்டிற்குள் நுழைந்தவர்களுக்குத் தெரியும், நண்பகலிலும் அங்கே நிழலும் ஈரமும் குளிர்ச்சியும் இருக்கும். காற்று அவ்வளவாகப் புகாது. மரங்களை வெட்டி ஒரு பாதை திறந்ததும் வெயில் பக்கவாட்டில் பாய்கிறது. மண் காய்கிறது. காற்று மோதுகிறது. இது நமக்குப் புதிய செய்தி அன்று. மறுநடவுக்காகப் பக்கத்துக் காட்டில் பால்மரங்களை வெட்டிவிட்டால், எல்லை நிரையில் நிற்கும் மரங்கள் அடுத்த பெருங்காற்றில் முறிந்து விழுவதைப் பார்த்திருக்கிறோம். அதுவரை ஒன்றுக்கொன்று அணையாக நின்ற மரங்கள் அவை. ஒரு பக்கத்துத் துணை போனதும் தாங்க முடிவதில்லை. இயற்கைக் காட்டின் ஓரத்திலும் பெருமரங்கள் இப்படித்தான் சாய்கின்றன. அந்த இடங்களில் கொடிகளும் லாலாங்கும் புதரும் ஏறிக்கொள்கின்றன.

பிரேசில் நாட்டின் மனாவுஸ் நகருக்கு அருகே 1979-ஆம் ஆண்டு தொடங்கிய ஆராய்ச்சி ஒன்று, இந்த ஓரத்தின் தீங்கு எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்பதை அளந்து பார்த்தது. 1 ஹெக்டேர், 10 ஹெக்டேர், 100 ஹெக்டேர் என்று வெவ்வேறு அளவுகளில் காட்டுத் துண்டுகளைத் தனித்து விட்டு, ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். ஓரத்திலிருந்து ஏறக்குறைய 100 மீட்டர் உள்ளே வரையிலும் பெரிய மரங்கள் வழக்கத்தைவிட வேகமாகச் சாவது தெரியவந்தது. காற்றின் சேதம் அதற்கு அப்பாலும் போனது.

இந்த 100 மீட்டரை வைத்து ஒரு கணக்குப் போடுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஒரு தாளில் வரைந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கிலோமீட்டர் நீளமும் ஒரு கிலோமீட்டர் அகலமும் கொண்ட ஒரு சதுரக் காடு. நான்கு பக்கமும் வெட்டவெளி. மொத்தம் 100 ஹெக்டேர். நான்கு பக்கமும் 100 மீட்டர் ஓரத்தைக் கழித்துவிட்டால், உள்ளே கெடாமல் இருப்பது 64 ஹெக்டேர். இப்போது சிலுவைபோல் இரண்டு பாதைகளை நடுவே போடுங்கள். நான்கு துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொரு துண்டிலும் ஓரத்தைக் கழித்தால் மிஞ்சுவது 9 ஹெக்டேர். நான்கிலும் சேர்த்து 36 ஹெக்டேர். இரண்டு பாதைகளுக்காக நாம் வெட்டியது மிகக் கொஞ்சம். ஆனால் 64 ஹெக்டேர் உட்காடு 36 ஆகிவிட்டது. வெட்டிய மரங்களைக் கணக்கெடுத்தவர் கணக்கேட்டில் இந்த இழப்பு ஏறவே ஏறாது.

இரண்டாவது, சாலை தனியாக வருவதில்லை. ஊசி இடம் கொடுத்தால் நூல் நுழையும் என்பார்கள். சாலை ஊசி என்றால், அதன் பின்னால் வரும் நூல் மிக நீளமானது. முதலில் வெட்டுமரம் ஏற்றும் லோரிகளுக்காகக் கிளைப்பாதைகள் பிரியும். நல்ல மரங்கள் போனபின், மிஞ்சிய காடு பயனற்றது என்று பெயர் பெறும். பிறகு பயிர் வரும். பயிருக்குப் பின்னால் குடியிருப்பு வரும். குடியிருப்புக்கு இன்னொரு சாலை தேவைப்படும்.

அமேசான் காட்டில் இது கண்கூடாகத் தெரிந்தது. பிரேசிலின் ரொண்டோனியா மாநிலத்தின் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலைக்கு 1984-ஆம் ஆண்டு தார் போட்டார்கள். அந்தச் சாலையிலிருந்து குறிப்பிட்ட இடைவெளி விட்டு இருபுறமும் நேர்கோடாகக் கிளைச்சாலைகள் போயின. கிளைச்சாலை நெடுகக் குடியேறிகளுக்கு நிலம் பிரித்துக் கொடுக்கப்பட்டது. விண்வெளியிலிருந்து எடுத்த படங்களில் அது எப்படித் தெரிந்தது தெரியுமா? சாப்பிட்டு வைத்த மீன் முள்ளைப்போலத் தெரிந்தது. நடு முள் நெடுஞ்சாலை. பக்க முட்கள் கிளைச்சாலைகள். ‘மீன்முள் வடிவம்’ என்றே அறிவியலார் அதற்குப் பெயரிட்டுவிட்டார்கள். அமேசான் முழுவதையும் ஆராய்ந்து 2014-இல் வெளிவந்த கட்டுரை ஒன்று, அங்கு அழிந்த காட்டில் ஏறக்குறைய 95 விழுக்காடு, சாலையிலிருந்து ஐந்தரை கிலோமீட்டருக்குள்ளோ, படகு செல்லும் ஆற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ளோ இருந்தது என்று கூறியது. கோடரி காட்டைத் தேடி அலைவதில்லை. சாலை அழைத்துக்கொண்டு போன இடத்திற்கே அது போகிறது.

துண்டாகும் வடிவம் எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. சிறு குடியேறிகள் வரிசையாக நிலம் பெற்ற இடத்தில் மீன்முள் தோன்றுகிறது. நம் நாட்டில் நிலம் பெரிய பெரிய கட்டங்களாகத் திறக்கப்பட்டது. ஆங்கிலேயர் காலத்தில் இரயில் பாதையையும் சாலையையும் ஒட்டிப் பால்மரத் தோட்டங்கள் வளர்ந்தன. 1956-இல் பெல்டா அமைக்கப்பட்டபின் ஆயிரக்கணக்கான ஏக்கர் கொண்ட நிலத்திட்டங்கள் வந்தன. ஆகவே நம் தீபகற்பத்தின் வரைபடத்தில் மீன்முள் அவ்வளவாகத் தெரியாது. பால்மரமும் செம்பனையும் கடலாக, நடுவில் காடு தீவுகளாக நிற்பதே தெரியும். சிறிய தீவுகள் பல; பெரிய தீவுகள் சில. அந்தப் பெரிய தீவுகளுக்கு இடையே மெல்லிய கழுத்துகள்போல் சில காட்டுப் பகுதிகள் மீதமுள்ளன. அந்தக் கழுத்துகளின் மேலேயே சாலைகளும் செல்கின்றன.

தீவாகிப் போன காட்டில் என்ன நடக்கும்? தென் தாய்லாந்தில் சியாவ் லான் என்ற நீர்த்தேக்கம் 1986, 1987-ஆம் ஆண்டுகளில் உண்டானது. அங்கே காட்டைப் பிரித்தது சாலையன்று, தண்ணீர். மலையுச்சிகள் உண்மையாகவே தீவுகள் ஆயின. அவற்றில் வாழ்ந்த அணில், முள்ளெலி போன்ற சிறு பிராணிகளை ஆராய்ச்சியாளர்கள் எண்ணிக்கொண்டே வந்தார்கள். 10 ஹெக்டேருக்கும் குறைந்த தீவுகளில் ஏறக்குறைய ஐந்தே ஆண்டுகளில் அந்தக் காட்டுக்குரிய சிறு பிராணிகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. அவற்றைவிடப் பெரிய தீவுகளும் 25 ஆண்டுகளில் அதே நிலைக்கு வந்தன. காலி வீட்டில் குடிபுகுந்ததுபோல், வயல்வெளி எலிகள் அங்கே பெருகிவிட்டன. மரங்கள் பச்சைப்பசேலென்று நின்றன. தூரத்தில் நின்று பார்ப்பவர் காடு நன்றாக இருக்கிறது என்றே சொல்லியிருப்பார்.

சாலை தண்ணீரைப்போல முழுத்தடை இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். சாலை எல்லா உயிருக்கும் ஒரே மாதிரியான சுவரன்று. இருவாட்சிப் பறவை சிறகை விரித்தால் சாலையை ஒரு நொடியில் கடந்துவிடும். அது தின்ற பழத்தின் விதையும் மறுபக்கம் போய்ச் சேரும். உங்கா குரங்கு மரத்துக்கு மரம் கையால் தாவிச் செல்வது. தரையில் இறங்கி நடக்க அஞ்சுவது. கிளைகள் தொடாத அகலமான சாலை அதற்கு ஆற்றைப் போன்றது. காட்டின் கீழடுக்கில், இருளில் வாழும் சில சிறு பறவைகள், அமேசானில் 30, 40 மீட்டர் வெட்டவெளியைக் கடப்பதற்கே தயங்குகின்றன. நமக்குச் சில எட்டு. அதற்கு ஏழு கடல்.

யானையின் கதை வேறு. நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகத்து ஆராய்ச்சியாளர்கள், தீபகற்பத்தின் வடபகுதியில் 17 யானைகளின் கழுத்தில் இருப்பிடம் காட்டும் கருவியைப் பூட்டி, அவற்றின் நடமாட்டத்தைத் தொடர்ந்து கவனித்தார்கள். 2018-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு இது. சாலை இல்லாத காட்டில் ஓர் எல்லைக்கோட்டை 100 தடவை கடக்கக்கூடிய யானை, சாலை இருந்தால் சுமார் 20 தடவைதான் கடக்கிறது. கடப்பதும் பெரும்பாலும் இரவிலேதான். ஆனால் இன்னொன்றும் தெரிந்தது. சாலை ஓரத்தில் வெயில் பட்டு வளரும் புல்லும் இளம் செடிகளும் யானைக்குப் பிடித்த தீனி. ஆகவே சாலை யானையைத் தடுக்கவும் செய்கிறது. வா வா என்று அழைக்கவும் செய்கிறது. இருட்டில், வளைவில், வேகமாக வரும் வாகனத்துக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது.

2025-ஆம் ஆண்டு மே 11-ஆம் நாள், அன்னையர் தினத்தன்று, அந்தக் கிரிக் ஜெலி சாலையில் ஒரு யானைக்கன்று லோரி மோதி இறந்தது. கன்று லோரிக்கடியில் கிடக்க, தாய் யானை லோரியில் தலையை முட்டிக்கொண்டு நெடுநேரம் அங்கேயே நின்றது. அந்தப் படத்தைக் கண்டு நாடே கலங்கியது. பெற்றவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் இரக்கப்படுவதோடு நின்றுவிடாமல், அது ஏன் நடந்தது என்று கேட்க வேண்டும். சாலைக்கு வடக்கே பெலூம் காடு, தெற்கே தெமெங்கோர் காடு. தாயும் கன்றும் தங்கள் வீட்டின் ஓர் அறையிலிருந்து மறு அறைக்குப் போய்க்கொண்டிருந்தன.

மூன்றாவது, சாலை வழியே வருகிற மனிதன். முன்பு காட்டின் நடுவே போக வேண்டுமானால் நாள்கணக்கில் நடக்க வேண்டும். சாலை வந்தபின், திருட்டு வேட்டைக்காரன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அரை மணி நேரம் நடந்தால் போதும். கம்பிக் கண்ணிகளை வைத்துவிட்டு விடிவதற்குள் திரும்பிவிடலாம். கண்ணிக்குக் கண் இல்லை. பன்றிக்கு வைத்தாலும் மானுக்கு வைத்தாலும் புலியின் காலையும் அது கவ்வும். நம் நாட்டுக் கொடியிலும் சின்னங்களிலும் பெருமைக்குரியவை பல உண்டு. அரசாங்க முத்திரையில் இரு பக்கமும் நின்று தாங்குவது புலி. அந்தப் புலி இன்று எத்தனை மிஞ்சியிருக்கிறது? நாடளாவிய கணக்கெடுப்பின்படி 2022-இல் அறிவிக்கப்பட்ட எண்ணிக்கை 150-க்கும் குறைவு. ஒரு தோட்டத்து லயத்தில் குடியிருப்பவர்கள் அளவுகூட இல்லை.

இதெல்லாம் காட்டு விலங்குகளின் பாடு; நமக்கென்ன என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். காடு துண்டாகும்போது அதன் வலியை முதலில் அறிகிறவர்கள் இருவர். ஒருவர், காட்டுக்குள்ளேயே வாழும் ஜஹாய், தெமியார் போன்ற ஒராங் அஸ்லி மக்கள். இன்னொருவர், காட்டோரத் தோட்டங்களில் வாழும் நாம். வழி அடைபட்ட யானைக் கூட்டம் எங்கே வரும்? செம்பனைக் கன்றின் குருத்தைத் தேடி வரும். வீட்டுக்குப் பின்னால் அம்மா நட்ட வாழையைத் தேடி வரும். அதிகாலையில் இருட்டோடு வேலைக்குப் போகிறவர்களின் நெஞ்சு படபடப்பை, நகரத்தில் இருந்து யானைக்காகக் கண்ணீர் விடுகிறவர்கள் அறியமாட்டார்கள். வனவிலங்குத் துறை 1974-ஆம் ஆண்டிலேயே யானை பிடிக்கும் பிரிவு ஒன்றை அமைத்து, நூற்றுக்கணக்கான யானைகளைப் பிடித்துப் பெரிய காடுகளில் கொண்டுபோய் விட்டது. ஆனால் கொண்டுபோய் விடும் காட்டையும் நாம் துண்டாக்கிக்கொண்டே போனால், ஓர் ஊரின் தொல்லையை இன்னோர் ஊருக்கு மாற்றியதாகத்தானே முடியும்?

இதற்கு வழி உண்டா? உண்டு. 2005-ஆம் ஆண்டின் தேசிய நிலத் திட்டத்தில் ‘நடுக்காட்டு முதுகெலும்பு’ என்னும் கருத்து இடம் பெற்றது. தித்திவங்சா மலைத்தொடர், தாமான் நெகாரா முதலான நான்கு பெரிய காட்டுத் தொகுதிகளை மீண்டும் ஒன்றாக இணைப்பதே அதன் நோக்கம். பின்னர் வகுத்த விரிவான திட்டத்தில், இணைப்புக்குரிய 37 இடங்கள் குறிக்கப்பட்டன. முதுகெலும்பு என்று பெயர் வைத்தது பொருத்தமானதே. எலும்பு ஒவ்வொன்றும் நன்றாக இருந்தும் இடையிலே இணைப்பு அறுந்துவிட்டால், உடம்பு எழுந்து நிற்காது அல்லவா?

அந்த இணைப்புகளில் ஒன்று பகாங் மாநிலத்தின் வடக்கே, சுங்கை யூ என்னும் இடம். ஒரு புறம் தாமான் நெகாரா. மறுபுறம் தித்திவங்சா மலைத்தொடர். நாம் முன்பு சொன்ன மெல்லிய கழுத்து இதுதான். இதே கழுத்தின் குறுக்கே 1931-இல் முழுமையான கிழக்குக்கரை இரயில் பாதையும், கோல லிப்பிஸிலிருந்து குவா மூசாங்குக்குப் போகும் சாலையும் செல்கின்றன. சாலையைப் புதுப்பித்தபோது, அங்கே சில பகுதிகளை மண்மேட்டின் மேல் போடாமல் தூண்களின் மேல் உயர்த்திக் கட்டினார்கள். வாகனங்கள் மேலே, விலங்குகள் கீழே. கிரிக் ஜெலி சாலையிலும் சுமார் 200 மீட்டர் நீளத்தில் இத்தகைய பாலம் ஒன்று பின்னாளில் கட்டப்பட்டது. செலவு அதிகம்தான். ஆனால் பாலம் கட்டிவிட்டதாலேயே வேலை முடிந்துவிடாது. பாலத்தின் இரண்டு பக்கமும் காடு இருக்க வேண்டும். பாலத்தைக் கட்டிவிட்டு, அதன் வாசலில் இருக்கும் காட்டைத் தோட்டத்துக்குக் கொடுத்துவிட்டால், ஊர் இல்லாத இடத்தில் இரயில் நிலையம் கட்டிய கதையாகும்.

ஆகவே அறிவியல் நமக்குச் சொல்லும் பாடத்தை வரிசைப்படுத்திப் பார்ப்போம். இன்னும் துண்டாகாத பெருங்காட்டில் புதிய சாலை போடாமல், சுற்றியாவது போக முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். போட்டே தீர வேண்டுமானால், விலங்குகள் செல்லும் வழியை முன்னதாக ஆராய்ந்து, அங்கே சாலையை உயர்த்த வேண்டும். கிளைச்சாலைகளுக்கு இடம் கொடுக்கக்கூடாது. மரம் வெட்டி முடிந்த பாதைகளை அடைத்துவிட வேண்டும். அடைத்துவிட்டால் காடு தானே அவற்றை மூடிக்கொள்ளத் தொடங்கும். ஏற்கெனவே இருக்கும் சாலையை அகலப்படுத்துவதற்குமுன் பலமுறை யோசிக்க வேண்டும்.

இவையெல்லாம் அரசாங்கமும் பொறியாளர்களும் செய்ய வேண்டியவை. நம் கையிலும் சில இருக்கின்றன. காட்டுப்பன்றிக்கென்று தோட்டத்து ஓரத்தில் கம்பிக் கண்ணி வைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கண்ணி வைப்பது குற்றம். கண்ணியைக் கண்டால் வனவிலங்குத் துறையினருக்குத் தெரிவிப்பது நம் கடமை. லோரி ஓட்டும் தம்பிமார்களும், வேனில் குடும்பத்தோடு கிளந்தானுக்குப் போகிறவர்களும், யானைப் படம் போட்ட மஞ்சள் பலகையைக் கண்டால், முக்கியமாக இரவில், வேகத்தைக் குறையுங்கள். அது யானையின் உயிருக்கு மட்டுமல்ல, உங்கள் வண்டியில் தூங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் உயிருக்கும் காவல். காட்டோரத்தில் புதிய பாதை ஒன்று வெட்டப்படுவதைக் கண்டால், அது எங்கே போகிறது, எதற்காகப் போகிறது என்று தோட்ட நிர்வாகத்திடமும் தொழிற்சங்கத்திடமும் உங்கள் தொகுதிப் பிரதிநிதியிடமும் கேளுங்கள். நாளை யானை வந்து நிற்கப்போவது நம் வீட்டு வாசலில்தான். எனவே கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

நேயர்களே, இந்த நாட்டுச் சாலைகளைப் போட்ட கைகள் நம் பாட்டன்மாரின் கைகள். ஒரு கூடை மண்ணை எங்கே கொட்டுவது என்பது அன்று அவர்கள் முடிவாக இருக்கவில்லை. சொன்ன இடத்தில் கொட்டினார்கள். இன்று நம் பிள்ளைகளில் பொறியாளர்களும் நில அளவையாளர்களும் ஆசிரியர்களும் உண்டு. கோடு எங்கே இழுப்பது என்று பேசுகிற மேசையில் அவர்களுக்கும் இடம் இருக்கிறது. வரைபடத்தில் ஒரு கோட்டை இழுக்க ஒரு நிமிடம் போதும். அந்தக் கோட்டால் பிரிந்த காட்டை ஒன்று சேர்க்க ஒரு தலைமுறை போதாது. இதை இன்று இரவு பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தாளில் அந்தச் சதுரத்தையும் வரைந்து காட்டுங்கள்.